வாடகை வீடா, சொந்த வீடா? ஒரு குடும்பத்தின் கணக்கு

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்’ என்று ஊரில் சொல்வார்கள். சிங்கப்பூரில் நாம் வீட்டைக் கட்டுவதில்லை. விண்ணப்பிக்கிறோம், குலுக்கலில் காத்திருக்கிறோம், கிடைக்காவிட்டால் மறுவிற்பனைச் சந்தைக்குப் போகிறோம். அதற்கும் கையில் காசு போதாவிட்டால் வாடகை வீட்டில் இருந்துகொண்டே அடுத்த குலுக்கலுக்குக் காத்திருக்கிறோம்.

“வாடகை கொடுப்பது கடலில் உப்பைக் கொட்டுவது மாதிரி” என்பார் என் அம்மா. “இந்த விலையில் வீடு வாங்குவதும் அதே கடல்தான், உப்பு மூட்டை மட்டும் பெரிது” என்பார் என் கணவர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் வாடகை ஒப்பந்தம் முடிய நான்கு மாதங்கள் இருந்தபோது, யார் சொல்வது சரி என்று வாதாடுவதை நிறுத்திவிட்டு, பேனாவும் தாளுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். ஆனால் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

எங்களைப் பற்றிச் சுருக்கமாக: எனக்கு 32 வயது, கணவருக்கு 34. இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 12,000 வெள்ளி. நான்கு வயதில் ஒரு மகள். செங்காங்கில் நாலறை வீவக வீட்டில் மாதம் 3,000 வெள்ளி வாடகை. பிடிஓ குலுக்கலில் இரண்டு முறை விண்ணப்பித்தோம். இரண்டு முறையும் எங்கள் வரிசை எண் வருவதற்குள் வீடுகள் தீர்ந்துவிட்டன. அம்மா சிராங்கூனில் தனியாக இருக்கிறார்.

சந்தை ஏன் இப்படிச் சூடானது?

வீவக மறுவிற்பனை விலைகள் எப்போதும் ஏறிக்கொண்டே இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது உண்மையன்று. 2013இல் உச்சம் தொட்ட விலைக் குறியீடு, அதன்பின் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் மெல்ல மெல்ல இறங்கியது. அந்தக் காலத்தில் வீடு விற்ற சிலர், வாங்கிய விலைக்குக்கூட விற்க முடியாமல் தவித்தார்கள்.

பிறகு கொவிட் வந்தது. கட்டுமானத் தளங்கள் மூடப்பட்டன. பிடிஓ வீடுகள் தாமதமாயின. காத்திருக்க முடியாதவர்கள் மறுவிற்பனை வீட்டை நாடினார்கள். 2021இல் மறுவிற்பனை விலைகள் 12.7 விழுக்காடு ஏறின, 2022இல் 10.4 விழுக்காடு. 2023இல் வேகம் குறைந்து 4.9 விழுக்காடானது. 2024இல் மறுபடியும் 9.7 விழுக்காடு. அந்த ஓராண்டில் மட்டும் ஒரு மில்லியன் வெள்ளிக்கு மேல் கைமாறிய வீவக வீடுகள் ஆயிரத்தைத் தாண்டின.

வாடகையும் சும்மா இருக்கவில்லை. பிடிஓ சாவிக்காகக் காத்திருந்தவர்களும் எல்லைகள் திறந்தபின் திரும்பி வந்த வெளிநாட்டு ஊழியர்களும் ஒரே நேரத்தில் வீடு தேடினார்கள். 2022இல் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு மட்டும் கிட்டத்தட்ட 30 விழுக்காடு உயர்ந்தது. வீவக வாடகைகளும் பின்னாலேயே ஓடின.

அரசாங்கம் பல முறை தண்ணீர் ஊற்றியது. வீவக கடனில் வாங்குபவர் முன்பு வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரை கடன் பெறலாம். அது 2021 டிசம்பரில் 85 ஆகவும், 2022 செப்டம்பரில் 80 ஆகவும், 2024 ஆகஸ்ட்டில் 75 ஆகவும் குறைக்கப்பட்டது. 2021 முதல் 2025 வரை ஒரு லட்சம் புதிய வீடுகளை விற்பனைக்கு விடும் திட்டமும் வந்தது. 2025இல் விலையேற்றம் வெகுவாகத் தணிந்தது. ஆனால் தணிந்தது ஏற்றம்தான், விலையன்று.

வாடகை வீட்டின் உண்மைச் செலவு

மாதம் 3,000 என்றால் ஆண்டுக்கு 36,000 வெள்ளி. அதோடு முடிவதில்லை. இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு வழக்கமாக இரண்டு மாத வாடகையை முன்வைப்பாகக் கொடுக்க வேண்டும். முத்திரை வரி, மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. எங்கள் ஒப்பந்தத்துக்கு அது 288 வெள்ளி. குளிரூட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பது பெரும்பாலும் வாடகைதாரரின் பொறுப்பு.

வெள்ளியில் அளக்க முடியாத செலவும் ஒன்று உண்டு. வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது நன்றாகவே தெரியும். முகவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், எத்தனை பேர், என்ன வேலை என்று கேட்பதற்கு முன்பே “சமைப்பீர்களா?” என்று பதில் வரும். ‘இலேசான சமையல் மட்டும்’ என்ற நிபந்தனையில் சாம்பார் அடங்குமா, மீன் பொரிப்பது அடங்குமா என்று யாரும் விளக்குவதில்லை. எங்கள் குடும்பப் பெயரைப் பார்த்ததும் “வீடு போய்விட்டது” என்று சொன்ன முகவர், அதே வீட்டை மறுவாரமும் விளம்பரம் செய்திருந்தார். இன அடிப்படையில் விளம்பரம் செய்யக் கூடாது என்று சொத்து முகவர்களுக்கு வழிகாட்டி நெறிமுறைகள் இருக்கின்றன. விளம்பரத்தில் எழுதாததைத் தொலைபேசியில் சொல்பவர்களை அவை எட்டுவதில்லை.

வாடகையின் நல்ல பக்கத்தையும் சொல்லவேண்டும். வேலை துவாஸுக்கு மாறினால் இரண்டு ஆண்டில் ஜூரோங்குக்குப் போய்விடலாம். குழாய் உடைந்தால் வீட்டு உரிமையாளர் பாடு. விலை சரிந்தால் நமக்குத் தூக்கம் கெடாது. எந்த வட்டாரம் நமக்கு ஒத்துவரும் என்று தெரியாத இளம் தம்பதிக்கு, வாடகை என்பது வீணான பணமன்று. அது பாடம் படிக்கக் கட்டும் கட்டணம்.

சாவி வாங்கும் நாளில் எவ்வளவு வேண்டும்?

நாங்கள் பார்த்தது ஹவ்காங்கில் ஒரு நாலறை மறுவிற்பனை வீடு. குத்தகையில் 65 ஆண்டுகள் மீதம். உரிமையாளர் கேட்ட விலை 620,000 வெள்ளி.

இங்கே முதல்முறை வாங்குபவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. விலை பேசி முடித்து, விற்பவருக்கு 1,000 வெள்ளிக்குள் ஒரு தொகை கொடுத்து, வாங்கும் உரிமைப் பத்திரத்தைப் பெற்ற பிறகுதான் வீட்டின் மதிப்பீட்டை வீவகவிடம் கேட்க முடியும். 2014 முதல் இதுதான் நடைமுறை. மதிப்பீடு குறைவாக வந்தால், வித்தியாசத்தை ரொக்கமாகத்தான் கட்டவேண்டும். மசேநிதியையும் தொடமுடியாது, கடனும் கிடைக்காது. பத்திரம் பெற்றபின் முடிவெடுக்க 21 நாள் இருக்கிறது. வேண்டாமென்றால் கொடுத்த தொகையோடு விலகிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டின் மதிப்பீடு 600,000 வெள்ளி. ஆகவே, கணக்கு இப்படி:

• ரொக்கமாக மதிப்பீட்டுக்கு மேல்: 20,000 வெள்ளி
• வீவக கடன் (600,000இல் 75 விழுக்காடு): 450,000 வெள்ளி
• மீதம் 150,000: மானியங்கள் 100,000, எங்கள் மசேநிதி 50,000
• வாங்குவோர் முத்திரை வரி: 13,200 வெள்ளி (மசேநிதியிலிருந்து)
• முகவர் கட்டணம் ஒரு விழுக்காடும் ஜிஎஸ்டியும்: ஏறத்தாழ 6,800 வெள்ளி
• சட்டச் செலவு போன்ற சில்லறைகள்: 2,000 வெள்ளி
• புதுப்பிப்புப் பணிகள்: 45,000 வெள்ளி

மானியம் 100,000 எப்படி வந்தது? முதல்முறை வாங்கும் குடிமக்கள் தம்பதி, மாத வருமானம் 14,000 வெள்ளிக்குள் இருந்தால், நாலறை வரையிலான மறுவிற்பனை வீட்டுக்குக் குடும்ப மானியம் 80,000. ஐந்தறை என்றால் 50,000தான். பெற்றோரின் வீட்டுக்கு நான்கு கிலோமீட்டருக்குள் வாங்கினால் அருகாமை மானியம் 20,000. அவர்களுடன் ஒரே வீட்டில் வசித்தால் 30,000. வருமானம் 9,000க்குள் இருப்பவர்களுக்கு, வருமானத்தைப் பொறுத்து 120,000 வரை இன்னொரு மானியமும் உண்டு. எங்கள் வருமானத்துக்கு அது கிடைக்காது. எல்லாம் சேர்ந்தால் அதிகபட்சம் 230,000 வெள்ளி.

திரும்பி வராத பணம் எவ்வளவு?

வாடகையையும் மாதத் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வழக்கம். 450,000 வெள்ளிக் கடனுக்கு, 2.6 விழுக்காடு வட்டியில், 25 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 2,040 வெள்ளி. வாடகை 3,000. “பார்த்தாயா, வாங்குவதுதான் மலிவு” என்று அம்மா சொன்னார். ஆனால் அந்த ஒப்பீடு முழுமையானதன்று. தவணையில் ஒரு பகுதி வட்டி, இன்னொரு பகுதி நம் சொந்தச் சேமிப்பு. மறுபக்கம், தவணையில் தெரியாத செலவுகளும் இருக்கின்றன.

சரியான கேள்வி இதுதான்: ஆண்டுதோறும் திரும்பி வராமல் போகும் பணம் எவ்வளவு? வாடகையில் அது 36,000. வீடு வாங்கினால்?

• முதலாண்டு வட்டி: ஏறத்தாழ 11,500 வெள்ளி
• நகர மன்றக் கட்டணம், சொத்து வரி, காப்பீடு: ஏறத்தாழ 2,000
• வீட்டில் முடங்கிய மசேநிதிக்கும் ரொக்கத்துக்கும் கிடைத்திருக்கக்கூடிய வட்டி: 3,400
• குத்தகை ஓராண்டு தேய்வது (620,000ஐ 65 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால்): 9,500

இதுவரை 26,400 வெள்ளி. இத்துடன் ஒருமுறைச் செலவுகளைச் சேர்க்க வேண்டும். வாங்கும்போது வரி, முகவர், சட்டச் செலவு 22,000. என்றாவது விற்கும்போது முகவருக்கு 13,000 அளவில். புதுப்பிப்பு 45,000. மொத்தம் 80,000. ஐந்து ஆண்டில் விற்றால் ஆண்டுக்கு 16,000 பங்கு விழும். பத்து ஆண்டு இருந்தால் 8,000.

ஆக, விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டு வாழ்ந்தால் சொந்த வீட்டுச் செலவு ஆண்டுக்கு 42,400 வெள்ளி. பத்து ஆண்டு வாழ்ந்தால் 34,400. வாடகை 36,000.

இந்த இடத்தில் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்து ஆண்டுக்கு வாடகை மலிவு. பத்து ஆண்டுக்கு ஏறத்தாழ சமம். கடல், உப்பு என்று அம்மா சொன்னது இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறது!

ஆனால் மானியத்தை நாங்கள் இன்னும் கழிக்கவில்லை. 100,000 வெள்ளியை ஐந்து ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 20,000 குறைகிறது. செலவு 22,400க்கு இறங்குகிறது. 2013க்குப் பிறகு நடந்ததுபோல் விலை 10 விழுக்காடு சரிந்து 62,000 வெள்ளி இழந்தாலும், ஐந்து ஆண்டுக் கணக்கில் 34,800தான். அப்போதும் வாடகையைவிடச் சற்றுக் குறைவு. முதல்முறை வாங்கும் குடிமக்களுக்குத் தராசைச் சாய்ப்பது விலையேற்றம் அன்று, மானியம்.

நிரந்தரவாசிகளுக்கு இதே கணக்கு வேறு மாதிரி

எங்கள் நண்பர்கள் ஒரு தம்பதி, இருவரும் நிரந்தரவாசிகள். தமிழ்நாட்டிலிருந்து வந்து மென்பொருள் துறையில் பணியாற்றுகிறார்கள். அதே வீட்டை அவர்களுக்காகவும் கணக்கிட்டுப் பார்த்தோம்.

அவர்களால் புதிய பிடிஓ வீடு வாங்க முடியாது. மறுவிற்பனை வீடு வாங்கவும் நிரந்தரவாசத் தகுதி பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். மானியம் கிடையாது. வீவக கடனும் கிடையாது, வங்கிக்குத்தான் போகவேண்டும். வங்கிக் கடன் என்றால் குறைந்தது 5 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்டவேண்டும். இவற்றுக்கு மேல், முதல் வீட்டுக்கே 5 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி. 620,000க்கு அது 31,000 வெள்ளி.

இவற்றைச் சேர்த்தால், வங்கி வட்டியும் 2.6 விழுக்காடே என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து ஆண்டுக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 52,000 வெள்ளி; பத்து ஆண்டுக் கணக்கில் 41,000. விலை ஏறாவிட்டால், பத்து ஆண்டு ஆனாலும் 3,000 வெள்ளி வாடகைதான் மலிவு. முழு வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நிரந்தரவாசிகள் தங்கள் வீவக வீட்டை முழுமையாக வாடகைக்கு விட அனுமதி இல்லை. சென்னையிலோ கோவையிலோ ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: வெளிநாட்டில் உள்ள வீட்டையும் வீவக சொத்தாகவே கருதும்.

“இன்னும் மூன்று ஆண்டில் இங்கே இருப்போமா என்றே தெரியவில்லை” என்றார் நண்பர். அவர் வாடகையில் தொடர்வதைப் பார்த்து யாரும் ‘பணத்தை வீணாக்குகிறார்’ என்று சொல்லத் தேவையில்லை.

வாடகை கட்டிக்கொண்டே பிடிஓவுக்குக் காத்திருந்தால்?

உண்மையில் சிங்கப்பூரில் இளம் தம்பதிகள் முன்னால் நிற்கும் கேள்வி இதுதான். பழைய வீட்டை இப்போதே வாங்குவதா, புதிய வீட்டுக்குக் காத்திருப்பதா?

நாங்கள் விண்ணப்பிக்க நினைத்த வகை நாலறை பிடிஓ வீட்டுக்கு 380,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டோம். நான்கு ஆண்டு காத்திருப்பு. அதுவரை வாடகை 144,000. மொத்தம் 524,000 வெள்ளி. மறுவிற்பனை வீடு, மானியம் போக 520,000. அந்த நான்கு ஆண்டுக்கான வட்டி 44,000. மொத்தம் 564,000. பிடிஓ வழியில் 40,000 வெள்ளி மிச்சம். குத்தகையும் புத்தம் புதியது, 99 ஆண்டு.

காத்திருக்கும் காலத்தில் பெற்றோருடன் தங்கமுடிந்தால் 144,000 வெள்ளி வாடகையும் மிச்சம். அந்த வசதி உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன்: பிடிஓவுக்குக் காத்திருங்கள். மாமியாருடன் சமையலறையைப் பகிர்ந்துகொள்வதற்கு இதைவிட நல்ல சம்பளம் எங்கும் கிடைக்காது. குழந்தையுள்ள, முதல்முறை வாங்கும் குடும்பங்கள் காத்திருக்கும் காலத்தில் வீவகவிடமே குறைந்த வாடகைக்கு வீடு பெறும் தற்காலிகத் திட்டமும் இருக்கிறது. அதற்கும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கு ‘குலுக்கலில் உடனே கிடைக்கும்’ என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஓராண்டு தள்ளிப்போனால் இன்னொரு 36,000 வெள்ளி வாடகை. 40,000 வெள்ளி மிச்சத்தில் பெரும்பகுதியை அந்த ஓராண்டே விழுங்கிவிடும். நாங்கள் ஏற்கெனவே இரண்டு முறை கைவிடப்பட்டவர்கள்.

2024 அக்டோபர் முதல் பிடிஓ வீடுகள் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று மூன்று வகை. நல்ல இடங்களில் உள்ள பிளஸ், பிரைம் வீடுகளுக்குக் கூடுதல் தள்ளுபடி உண்டு. பதிலுக்குப் பத்து ஆண்டு அங்கேயே வசிக்கவேண்டும். விற்கும்போது தள்ளுபடியில் ஒரு பங்கைத் திருப்பித் தரவேண்டும். முழு வீட்டையும் ஒருபோதும் வாடகைக்கு விடமுடியாது. வாழப்போகும் வீடாக நினைத்தால் இவை பெரிய தடையில்லை. முதலீடாக நினைத்தால் தடைதான்.

நம் குடும்பங்கள் மறக்கக்கூடாத இன ஒதுக்கீடு

1989 முதல் நடப்பில் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்ச வரம்பு உண்டு. இந்தியர், இதர இனத்தவர்க்கு 2010 முதல் வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தனியே இன்னொரு வரம்பும் இருக்கிறது.

வரம்பு நிறைந்த புளோக்கில் நாம் வாங்கவேண்டுமானால், விற்பவரும் நம் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பிடிஓவிலும் அப்படித்தான், வரிசை எண் நன்றாக இருந்தாலும், நம் பிரிவுக்கான இடங்கள் முன்பே தீர்ந்துவிடலாம். எங்களுக்குப் பிடித்த முதல் வீட்டை இதனால்தான் விட்டோம். விற்பவர் சீனர், புளோக்கில் இந்தியர் வரம்பு நிறைந்திருந்தது.

அதைவிட முக்கியம், நாளை நாம் விற்கும் நாள். சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் நம் வீட்டைச் சீனக் குடும்பத்துக்கு விற்கமுடியாது. வாங்குபவர் கூட்டம் சுருங்கும், பேரம் பேசும் பலமும் குறையும். அப்படிப்பட்ட வீடு இன்று நமக்கு மலிவாகத் தோன்றும். ஆனால் அந்த மலிவை நாளை நாமும் யாருக்காவது கொடுக்கவேண்டியிருக்கும். உரிய விலைக்கு விற்கமுடியாமல் நெடுநாள் தவிப்பவர்களிடமிருந்து வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ள 2022 முதல் ஒரு வழி இருக்கிறது. அது கடைசிப் புகலிடம்தான்.

ஒவ்வொரு புளோக்கின் ஒதுக்கீட்டு நிலவரமும் வீவக இணையத்தளத்தில் இருக்கிறது. மாதந்தோறும் முதல் தேதி புதுப்பிக்கப்படும். வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். பார்த்துப் பிடித்துப்போன பிறகு தெரிந்தால் மனசுதான் கஷ்டப்படும்.

மசேநிதி தரும் சுகமும் அதன் விலையும்

வாடகையை மசேநிதியிலிருந்து கட்ட முடியாது, முழுவதும் ரொக்கம். வீட்டுத் தவணையைக் கட்டலாம். 35 வயது வரை சம்பளத்தில் 23 விழுக்காடு சாதாரணக் கணக்குக்குப் போகிறது. எங்கள் இருவர் கணக்கிலும் சேர்ந்து மாதம் 2,760 வெள்ளி விழுகிறது. தவணை 2,040. கையிலிருந்து ஒரு காசும் போகாது. மாதம் 3,000 வெள்ளி ரொக்கம் மிஞ்சும் என்பது இளம் குடும்பத்துக்குச் சாதாரண விஷயமில்லை.

ஆனால் இது இலவசமன்று. வீட்டை விற்கும்போது, எடுத்த மசேநிதித் தொகையையும் மானியத்தையும் 2.5 விழுக்காடு கூட்டு வட்டியுடன் நம் கணக்கிலேயே திரும்பப் போடவேண்டும். நம் பணம்தான், எங்கும் போவதில்லை. ஆனால் ‘விற்றால் கை நிறையக் காசு’ என்று எதிர்பார்த்தவர்கள், கடனும் மசேநிதியும் போக ரொக்கம் கொஞ்சமே மிஞ்சுவதைப் பார்த்து அதிர்ந்து போகிறார்கள்.

அதனால்தான் மிஞ்சும் 3,000 வெள்ளியில் பாதியையாவது தனியே சேமிக்கவேண்டும் என்று முடிவு செய்தோம். அதைச் செய்யாமல் பெரிய காரும் பெரிய தொலைக்காட்சியும் வாங்கினால், மேலே போட்ட கணக்கு எல்லாம் தாளோடு நின்றுவிடும்.

குத்தகையின் மீத ஆண்டுகள்

வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகை. கேலாங் லோரோங் 3இல் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த தரைவீடுகள் 2020 டிசம்பர் 31ஆம் தேதி இழப்பீடு இல்லாமல் அரசாங்கத்திடம் திரும்பின. அவை வீவக வீடுகள் அல்ல. ஆனாலும் குத்தகை முடிந்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சம்பவம் எல்லாருக்கும் காட்டியது.

2019 மே முதல் உள்ள விதி: வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடித்தால்தான் மசேநிதியை முழு அளவுக்குப் பயன்படுத்தலாம். என் வயது 32, குத்தகை 65, கூட்டினால் 97. தப்பித்தோம். இதே வீட்டை ஐந்து ஆண்டு கழித்து, இன்று என் வயதுள்ள ஒருவர் வாங்கினால் 92தான் வரும். நாளை நம்மிடம் வாங்கப்போகிறவரின் வயதையும் இன்றே கணக்கில் வைக்கவேண்டும் என்பது எனக்குப் புதிய பாடம்.

நாங்கள் எடுத்த முடிவு

எண்கள் இத்தனை தூரம் அழைத்து வந்தன. மீதித் தூரத்தை அவை நடக்கவில்லை.

வீட்டுத் தகுதிக் கடிதம் வந்தபோது, எங்கள் வருமானத்துக்கு 700,000 வெள்ளிக்கு மேல் கடன் வாங்கலாம் என்று தெரிந்தது. வருமானத்தில் 30 விழுக்காடு வரை தவணை கட்டலாம் என்பது விதி. நாங்கள் எங்களுக்கென்று இன்னொரு விதி வைத்துக்கொண்டோம்: ஒருவருக்கு வேலை போனாலும் மற்றவர் சம்பளத்தில் தவணை ஓடவேண்டும். ஒருவரின் மசேநிதியில் 1,380 வெள்ளி. மீதி 660 ரொக்கம். அது சாத்தியம். அகலக்கால் வைத்திருந்தால் அது சாத்தியமில்லை.

பள்ளிக்கூடமும் ஒரு காரணம். எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் தமிழ் கற்பிக்கப்படுவதில்லை. தமிழ் உள்ள பள்ளியில், வீட்டுத் தூரத்தைக் காட்டி முன்னுரிமை பெற்றுச் சேர்ந்தால், பதிவு தொடங்கியதிலிருந்து குறைந்தது 30 மாதம் அந்த முகவரியில் வசிக்கவேண்டும். வாடகை வீட்டு முகவரியையும் காட்டலாம். ஆனால் நடுவில் உரிமையாளர் வீட்டை விற்கப்போகிறேன் என்றால்? எங்கள் வீட்டு உரிமையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க 3,400 வெள்ளி கேட்டிருந்தார்.

கடைசியாக அம்மா. அவர் எதையும் கேட்கவில்லை. மூட்டுவலி என்றுகூடச் சொல்லமாட்டார். ஆனால் செங்காங்கிலிருந்து அவர் வீட்டுக்குப் போய்வருவதும் ஹவ்காங்கிலிருந்து போய்வருவதும் ஒன்றன்று.

“பிடிஓவைவிட 40,000 அதிகம்” என்றேன் கணவரிடம்.

“நான்கு ஆண்டுக்கு 40,000. மாதக் கணக்கில் 830 வெள்ளி. உங்கள் அம்மா நான்கு ஆண்டு காத்திருக்கமாட்டார், பிள்ளையும் காத்திருக்கமாட்டாள்” என்றார் அவர். வாடகையில் தொடரலாம் என்று ஆறு மாதமாக வாதாடியவர் அவர்தான்.

வீட்டை வாங்கினோம். விலை ஏறும் என்பதற்காக வாங்கவில்லை. இறங்கினாலும் அங்கேயே இருப்போம் என்று தெரிந்ததால் வாங்கினோம்.

உங்களுக்குச் சில கேள்விகள்

முடிவெடுக்கும் முன் இவற்றுக்குத் தம்பதியாக உட்கார்ந்து பதில் எழுதிப் பாருங்கள்.

• குறைந்தது ஏழெட்டு ஆண்டு இதே வீட்டில் இருப்போமா? வீவக வீட்டில் ஐந்து ஆண்டு குறைந்தபட்ச குடியிருப்புக் காலம் முடியாமல் விற்கமுடியாது.
• எந்தெந்த மானியத்துக்குத் தகுதி? விளம்பரத்தைப் பார்க்கும் முன் தகுதிக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். ஒன்பது மாதம் செல்லும்.
• பெற்றோருடன் தங்கிப் பிடிஓவுக்குக் காத்திருக்க முடியுமா?
• ஒரு சம்பளத்தில் தவணை ஓடுமா? சாவி வாங்கிய பிறகு ஆறு மாதச் செலவுக்கு ரொக்கம் மிஞ்சுமா?
• இந்தப் புளோக்கில் நாளை யாருக்கு விற்கமுடியும்?
• விலை 10 விழுக்காடு இறங்கினாலும் இந்த வீடு நமக்குப் பிடிக்குமா?

பெரும்பாலானவற்றுக்கு ‘ஆம்’ என்றால் வாங்குங்கள். ‘தெரியவில்லை’ என்றால் வாடகையில் தொடருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘எலி வளையானாலும் தனி வளை’ என்பது நல்ல பழமொழிதான். ஆனால் வளைக்குள் நுழைந்த பிறகு மூச்சுவிட இடம் இருக்கவேண்டும்.